தொழில்: குடும்பத் தலைவி

இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். கிரையம், செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம், அடமானம். எழுதிக் கொடுக்கும் பெண்ணிடம் என்ன தொழில் என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரரோ மகனோ முந்திக்கொண்டு "வூட்லதான் கீறாங்க" என்பார்கள். நானும் 'குடும்பத் தலைவி' என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். போன வருஷம் ஜூன் மாதம் வேலூரில் நுரையீரல் டாக்டர் ஒருவர் என் அம்மாவைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். அம்மா வாயைத் திறக்கும் முன் நான் அதே பதிலைச் சொன்னேன்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. மலையாள வாடை அடிக்கிற தமிழ். என் பதிலை எழுதவே இல்லை. அம்மாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏதோ சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். புறா வளர்க்கிறீர்களா? மாடியில் புறா வந்து உட்காருமா? ஏர் கூலர் உண்டா, அதில் தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒரு தரம் மாற்றுவீர்கள்? விறகடுப்பில் எத்தனை வருஷம் சமைத்தீர்கள்? காலையில் விரல் மூட்டு பிடித்துக்கொள்ளுமா? பீடி சுற்றினீர்களா?

அம்மா குடியாத்தத்துப் பெண். "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருசம் சுத்தினேன்" என்றார். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் கேட்டார்: "வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார்?"

"பாய்லருக்கு மாவு பூசுவாரு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். 2021 கடைசியில் அம்மாவுக்கு மேல்மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிக்குத் துணி காயப்போடப் போனால் நடுப்படியில் உட்கார்ந்துவிடுவார். வறட்டு இருமல், சளி கிடையாது. அந்தக் காலத்தில் யாருக்கு என்ன வந்தாலும் கொரோனாவின் மிச்சம் என்பார்கள், நாங்களும் அப்படியே நினைத்துக்கொண்டோம். தெருமுனை டாக்டர் வீசிங் என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் மருந்தை உறிஞ்சவைத்தார். ஒன்றும் குறையவில்லை. விரல் நுனிகள் உருண்டு நகம் கவிழ்ந்துகொண்டதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இந்த டாக்டரம்மா முதலில் பார்த்ததே அதைத்தான். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர், என்னையும் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைப் பிரிக்கும்போது சர்ர்ரென்று ஒரு சத்தம் வருமே, அது. அம்மா மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தரமும், கீழ் முதுகில், இரண்டு பக்கமும்.

இப்போது நைனாவின், அதாவது அப்பாவின், வேலை.

நைனா எந்தக் கம்பெனியிலும் நிரந்தரம் இல்லை. ஒரு காண்டிராக்டரிடம் லேகிங் வேலை. டேனரிகளிலும் கெமிக்கல் ஃபாக்டரிகளிலும் பாய்லரிலிருந்து நீராவி ஓடுகிற குழாய்களுக்குச் சூடு வெளியே போகாமல் சட்டை போட்டுவிடுகிற வேலை அது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று எங்கே பாய்லர் நிற்கிறதோ அங்கே போவார்கள். பழைய பூச்சைச் சுத்தியலால் தட்டி உதிர்ப்பது, குழாயின் மேல் வெள்ளைக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுவது, மாவைத் தண்ணீரில் குழைத்துக் கையால் பூசுவது, அதன்மேல் கம்பிவலையோ துணியோ சுற்றி மறுபடி பூசுவது. கயிறும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்; மாவிலும் கல்நார். ஆனால் கல்நார் என்ற வார்த்தையை நைனா வாயால் நான் கேட்டதே இல்லை. அவருக்கு அது மாவு. கல்லுக்குள் நார் என்று தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, பொருளைக் கையில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார்.

சாயங்காலம் நைனா வந்தால் புருவமெல்லாம் நரைத்திருக்கும். நாங்கள் "தாத்தா வந்துட்டாரு" என்று கத்துவோம். பின்வாசலில் காக்கிச் சட்டையையும் கால்சட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போவார். அம்மா அவற்றை அப்படியே வாளியில் போடமாட்டார், தண்ணீர் கஞ்சி மாதிரி ஆகிவிடும் என்று. முதலில் உதறவேண்டும். காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, பட் பட் என்று நாலு உதறு. பின்வாசல் மேற்குப் பார்த்தது. சாய்ந்த வெயிலில் அந்தத் தூசி கீழே விழாமல் அப்படியே நிற்கும், மினுக்கிக்கொண்டே. நானும் தங்கச்சியும் அதற்குள் கையை விட்டு அளைவோம். பிறகு துவைகல்லில் போட்டு அடித்து, சவுக்காரம் போட்டு, நீலம் போட்டு அலசி, மறுநாள் காலைக்குள் காயவைத்தாகவேண்டும். நைனாவுக்கு இரண்டே செட். அம்மா கல்யாணமாகி வந்தது 1971. நைனா வேலையை விட்டது 1996. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி எல்லாம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழாயிரம் தடவைக்குக் குறையாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கார்த்திகைக்கு எரியாத திரி இருந்தது. வெள்ளைக் கயிற்றில் ஒரு சாண் துண்டை நைனா கொண்டுவந்தார். அதைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்துத் திரித்து, அகலில் போட்டு எண்ணெய் ஊற்றினோம். எண்ணெய் தீரத் தீர எரிந்ததே தவிர திரி கருகிச் சிறுக்கவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்தார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு இருந்த பெருமை எந்த வீட்டுக்கும் இல்லை.

சி.டி. ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு டாக்டரம்மா காட்டினார். நுரையீரலின் கீழ்ப்பகுதியில், ஓரங்களில், தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அது தழும்பு. தழும்பு விழுந்த இடம் விரியாது, ரத்தத்துக்குக் காற்றைக் கடத்தாது, பழையபடி ஆகவும் ஆகாது. இன்னொன்றும் இருந்தது. நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில் இரண்டு பக்கமும் தட்டுத் தட்டாகத் தடிப்பு, சிலவற்றில் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக. "இந்தத் தடிப்புதான் என்னைக் கேட்கவைத்தது" என்றார்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். சாதாரணத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும், இருமித் துப்பிவிடுவோம். கல்நார் இழை நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துவிடும். மெலிந்த இழை காற்றோடு நுரையீரலின் கடைசி முனை வரை போகும். அங்கே தூசியை விழுங்குவதற்கென்றே காவல் செல்கள் இருக்கின்றன. தன்னைவிட நீளமான குச்சியைப் பல்லி விழுங்கப் பார்த்த கதையாக, அவை பாதி விழுங்கி, முடியாமல் சாகின்றன. செத்த இடத்தில் புண், புண் ஆறுகிற இடத்தில் தழும்பு. இழை அப்படியே கிடக்கும், கரையாது. திரும்பத் திரும்ப இதே கூத்து. வெளியே தெரிய இருபது, முப்பது, சில சமயம் நாற்பது வருஷம்.

"அப்ப இது நைனா சட்டையிலிருந்து வந்ததுதானே?" என்றேன்.

"இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

எனக்குக் கோபம் வந்தது. பத்திரத்தில் 'இருக்கலாம்' என்று எழுதினால் எந்த சார்பதிவாளர் ஒத்துக்கொள்வார்? அவர் பொறுமையாகத்தான் சொன்னார். சவ்வில் இருக்கும் தடிப்பு, கல்நார் உள்ளே போனதற்குக் கிட்டத்தட்ட கையெழுத்து மாதிரி. அதற்குக் கொஞ்சம் போனாலே போதும். தழும்பு விழ நிறைய போகவேண்டும், பல வருஷம் போகவேண்டும். பெரும்பாலும் அந்த வேலையிலேயே கிடந்தவர்களுக்குத்தான் அது வரும். வீட்டிலிருந்தே சுவாசித்தவர்களிடம் சவ்வுத் தடிப்பையும், மீசோதீலியோமா என்கிற சவ்வுப் புற்றுநோயையும் நிறைய பார்த்திருக்கிறார்கள். தழும்பும் உண்டு, ஆனால் அரிது. அதே மாதிரித் தழும்பு காரணமே தெரியாமலும் வரும். கூலர், புறா, மூட்டுவாதம், விறகுப் புகை, கொரோனா ஒவ்வொன்றையும் விலக்கிக்கொண்டு வரவேண்டும். ரத்தப் பரிசோதனையில் மூட்டுவாதம் விலகியது. எங்கள் வீட்டில் புறா கிடையாது, கூலர் வாங்கியதே போன கோடையில். நுரையீரலில் சதை எடுத்து இழைகளைத் தேடலாம், ஆனால் எழுபத்திரண்டு வயதில் அதற்குக் கத்தி வைப்பது ஆபத்து, தெரிந்துகொண்டாலும் மருந்து மாறப்போவதில்லை. ஆகவே, இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இரவெல்லாம் போனில் படித்தேன். கல்நார் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா என்ற இங்கிலாந்துப் பெண் 1924லேயே நுரையீரல் தழும்பால் செத்திருக்கிறாள். வயது முப்பத்து மூன்று. 1960ல் தென்னாப்பிரிக்காவில் கல்நார்ச் சுரங்கத்துப் பக்கம் வெறுமனே குடியிருந்தவர்களுக்கும் அந்தச் சவ்வுப் புற்றுநோய் வந்திருப்பதை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். 1965ல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்று இரண்டு பேர் நோயாளிகளின் பூர்வீகத்தை எல்லாம் விசாரித்திருக்கிறார்கள். ஆலைக்கு உள்ளேயே போகாத பெண்கள், வீட்டு ஆண்களின் வேலைத் துணியைத் துவைத்தவர்கள், அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

1965. நைனா லேகிங் வேலைக்குப் போனது 1966. அம்மா முதல் சட்டையை உதறியது 1971. இந்த மூன்று வருஷத்தையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நைனாவோடு வேலை செய்தவர்களில் ஒருவர் வாலாஜாவில் இருக்கிறார், சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். போய்ப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே வரவில்லை, "இங்கியே ஒக்காரு, எனக்குப் பேச்சு நடந்துகினே வராது" என்றார். மாவைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பிசைய எவ்வளவு மெத்தென்று இருக்கும், கை சுடாது, மூட்டையின் மேலேயே மதியத் தூக்கம் போடலாம், பஞ்சு மெத்தை கெட்டது என்றார். மூக்கில் எதுவும் கட்டவில்லையா என்றேன். "துண்டுதான். வேர்வையில பாதி நாள் அதுவும் கெடையாது. சாயங்காலம் மேஸ்திரி ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் குடுப்பாரு, நெஞ்சுல கீற தூசியெல்லாம் அறுத்துகினு போயிடும்னு. ஒங்க நைனா ஒருநாளும் துன்னமாட்டாரு, புள்ளைங்களுக்குன்னு பையில போட்டுக்குவாரு."

அந்த வெல்லம் எனக்கு நினைவிருக்கிறது. மேல்பையில் கைக்குட்டைகூட இல்லாமல் வெறுமனே கிடக்கும், சட்டையின் சூட்டில் கொஞ்சம் இளகி. வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். அம்மா உஃப் உஃப் என்று ஊதி, முந்தானையில் துடைத்து, பல்லால் இரண்டாகக் கடித்து, எனக்குப் பாதி, தங்கச்சிக்குப் பாதி கொடுப்பார். பல்லில் ஒட்டியது அம்மாவுக்கு.

நைனா 2003ல் போனார். அதற்குப் பல வருஷம் முன்பே டிபி என்றார்கள். சளியை மூன்று தரம் சோதித்தும் கிருமி இல்லை, ஆனாலும் எக்ஸ்ரேயைப் பார்த்து இரண்டு தடவை ஆறாறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அந்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை. 1995 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி ஒரு சூரிய கிரகணம் வந்ததே, அன்றைக்குக் காலையில் அதைக் கத்தரித்து நானும் தெருப் பையன்களும் ஆளுக்கொரு துண்டாகக் கண்ணில் வைத்துப் பார்த்தோம். (அப்படிப் பார்ப்பதும் கண்ணுக்கு ஆகாதாம்.) நைனாவின் நெஞ்சு வழியாகத்தான் நான் கிரகணம் பார்த்தேன். எந்தத் துண்டில் என்ன இருந்ததோ.

தொழில் காகிதம் என்பதால் சட்டத்தையும் தேடினேன். அகமதாபாத் நுகர்வோர் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷமோ, வேலையை விட்டதிலிருந்து 15 வருஷமோ, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கவேண்டும். நல்ல தீர்ப்பு, நாற்பது வருஷக் கணக்கைப் புரிந்துகொண்ட தீர்ப்பு. ஆனால் நைனா பெயர் மஸ்டர் ரோல் என்கிற ஆள் பதிவேடு எதிலும் இல்லை. முப்பது வருஷம் கை ரொக்கம். இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. நைனாவுக்கே பதிவு இல்லாதபோது, அவர் சட்டையைத் துவைத்தவருக்கு எந்தப் பதிவேட்டில் பக்கம் ஒதுக்குவார்கள்? ராணிப்பேட்டை என்றாலே குரோமியம் கலந்த கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஊர் உலகமெல்லாம் பேசுகிறது, பேசவேண்டியதுதான். பாய்லர் ரூமில் பறந்த வெள்ளைப் பஞ்சைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

விஷயம் தெருவில் பரவி, சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்காரர்கள் எல்லாம் என்னிடம் வந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு அதுதான். உலகத்தில் அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. நம் ஊரில் இறக்குமதியாகி ஷீட்டாக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் கூரையில் சும்மா கிடக்கிற முழு ஷீட்டும் நைனாவின் மாவும் ஒன்றில்லை. ஷீட்டில் இழை சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கிறது. அறுத்தாலோ, துளை போட்டாலோ, உடைத்துப் பள்ளத்தில் கொட்டினாலோதான் வெளியே வரும். பழசு ஆகி மேல்தோல் உதிர்ந்தாலும் வரும். மாற்றுகிறவர்கள் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்குங்கள், விழுந்த தூசியை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டு போய், மறுநாளே கட்டிங் மெஷினை வைத்து ஜன்னலோரம் வாகாக ஷீட்டை அறுத்தார். நான் எங்கள் கதவை எல்லாம் சாத்திக்கொண்டு, உள்ளிருந்தபடியே அவரைத் திட்டினேன்.

அம்மாவுக்கு பிர்ஃபெனிடோன் மாத்திரை போகிறது. விழுந்த தழும்பை அது எடுக்காது, மேற்கொண்டு விழுவதை மெதுவாக்கும், அவ்வளவுதான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போடவேண்டும், போட்டால் சாப்பாடே வேண்டாம் என்றிருக்கும். வெயில் பட்டால் தோல் வெந்து சிவந்துவிடும் என்று வேறு சொல்லிவிட்டார்கள். வேலூரில், அக்னி நட்சத்திரத்தில், வெயில் படாமல் இருக்கச் சொல்கிறார்கள். ஆயுசில் குடை பிடித்தறியாத அம்மா இப்போது தெருமுனைக் கடைக்கே கறுப்புக் குடையோடு போகிறார். எதிரில் வருபவர்கள் "இன்னா ஆயா, மழையா?" என்று கேட்டால் பதில் சொல்வதில்லை. பேசினால் மூச்சு போய்விடும், நடக்கிற அன்றைக்குப் பேச்சு கிடையாது.

என்னையும் தங்கச்சியையும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. நான் எடுத்துவிட்டேன், இப்போதைக்கு ஒன்றும் இல்லை. தங்கச்சி வரமாட்டேன் என்கிறாள். வற்புறுத்தவும் மனசு வரவில்லை.

அடுத்த தடவை போனபோது கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். தொழில் என்ற இடத்தில் 'குடும்பத் தலைவி' என்று கணினியில் ஏற்கெனவே ஏறியிருந்தது, பதிவுக் கவுன்ட்டரில் நானே சொன்னதுதான். டாக்டரம்மா அதற்குக் கீழே ஆங்கிலத்தில் அடித்ததைப் படித்துக் காட்டச் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் கணவரின் கல்நார்த் தூசி படிந்த வேலைத் துணிகளைக் கையால் துவைத்தவர். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சரியாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாமா எழுதுவாங்க?" என்று சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம். வாஷிங் மெஷின் வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது, ஆனால் துவைகல்லை எடுக்க அம்மா விட்டதில்லை. அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து துணிக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஓடிப்போய் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் 84. கத்தினேன். நிதானமாக மூச்சை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, "என் சேலைதாண்டா இது" என்றார். "இதுல இன்னா கீது?"